டால்டா டின் மிளகாய்

1979 அக்டோபர் 9, செவ்வாய்

பால் திரிந்துபோய் இன்று கட்டஞ்சாயாதான். மிளகாய்ச்செடி மத்தியானம் துவண்டு கிடந்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் ஊற்றின வேகத்திலேயே அடியில் ஓடிவிட்டது. தூக்கிப் பார்த்தால் ஓட்டைகளில் வெள்ளை வெள்ளையாக வேர். பிராட்வேயில் வாங்கிய வற்றலில் உதிர்ந்த விதையைச் சும்மா டால்டா டின்னில் போட்டுவைத்தேன். இப்படி வளரும் என்று யார் கண்டது?

இவரிடம் சொன்னேன். "அடுத்த மாசம் களமசேரிக்குப் போறோம்லா. குவார்ட்டர்ஸ் முத்தத்துல தரையிலயே வச்சிரலாம். இப்ப எதுக்குச் சட்டி?" என்றார். கம்பெனியில் கொத்தனார் வேலை பார்க்கிறவருக்கு வீடு தருவதாகச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. சரி, பொறுக்கிறேன்.

அக்டோபர் 23

பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சி மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "மொட்டு வந்நு மோளே. மாற்றுந்நெங்கில் இன்னு மாற்றிக்கோ. இல்லெங்கில் காய் கழிஞ்ஞிட்டு மதி" என்றாள். இன்றைக்கு மாற்று, அல்லது காய்த்து ஓயட்டும். நடுவில் மாற்றினால் பூ போய்விடும்.

இவரைக் கேட்டால், "ஒரு மாசம் பொறுத்துக்கிடேன்." போன மாசமும் இதே ஒரு மாசம்தான்!

நவம்பர் 5, திங்கள்

வேலியேற்றம். பௌர்ணமிக்குக் கடல் பொங்கி, காயல் தண்ணீர் ஓடை வழியாக ஏறி முற்றத்துக்கு வந்து, முற்றத்திலிருந்து அடுக்களைக்கும் வந்துவிட்டது. அரிசிப் பானையை உயரத்தில் ஏற்றினேன், பாயைச் சுருட்டினேன், டின்னைத் தூக்கி மதில்மேல் வைத்தேன். டின்னாக இருந்ததால் தூக்க முடிந்தது. பெரிய சட்டியை நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்? உப்புத் தண்ணீரைக் குடித்துச் செத்தே போயிருக்கும்.

ஆக இந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் அதற்கு டின்தான் கதி. நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான், என்னை மாதிரி. தரையைத் துடைத்துத் துடைத்து விரலெல்லாம் ஊறிப்போச்சு. எனக்கு இந்த வீடு வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

நவம்பர் 6

மறுபடியும் தண்ணீர்.

நவம்பர் 18, ஞாயிறு

பூ உதிர்கிறது. ஒன்றுகூடப் பிஞ்சு பிடிக்கவில்லை. பொறுமை போய்க் கத்திவிட்டேன். "போறோமா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க!" சட்டையை மாட்டிக்கொண்டு சாயா குடிக்கப் போய்விட்டார். அப்போதுதான் சாயா குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர்.

நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிற மனுஷன். இன்றைக்கு ஏன் வாயே திறக்கவில்லை?

நவம்பர் 25, ஞாயிறு

கைவண்டியில் செங்கலும் மணலும் வந்து இறங்கின. கூடவே வாயகன்ற ஒரு பெரிய மண்சட்டி. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் முற்றத்து மூலையில் மேடை கட்ட ஆரம்பித்தார்.

"சும்மா அடுக்கி வச்சாப் போதாதா? போறப்ப எடுத்துக்கிடலாம்லா" என்றேன். சாக்கைப் பிரித்தார் — சிமெண்ட். ஊரில் ஒருத்தருக்கும் கிடைக்காத சிமெண்ட். மணலோடு கலந்து, நூல் பிடித்து, ஒவ்வொரு கல்லாகத் தட்டித் தட்டி வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். காலி பண்ணப்போகிற வாடகை வீட்டில் எந்தக் கொத்தனாராவது சிமெண்ட் போட்டுக் கட்டுவானா?

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"குவார்ட்டர்ஸ ஓணத்துக்கு முந்தியே வேற ஆளுக்குக் குடுத்துட்டானுவ." கரண்டியை நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. "உங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல."

ஓணத்துக்கு முந்தி! அதற்கப்புறம்தான் இத்தனை அடுத்த மாசமும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உள்ளே போய் அழுதேன்.

நவம்பர் 26

பேசவில்லை. சோறு மட்டும் வைத்தேன்.

நவம்பர் 29

நானே மாற்றினேன். செடி வெளியே வரவில்லை, தகரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே மண் என்று பேருக்குக்கூட இல்லை. வேர் சுற்றிச் சுற்றி டின் மாதிரியே இறுகிக் கிடந்தது. விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டேன்.

"அய்யோ, இப்போழோ?" என்றாள் சேச்சி. இருக்கிற பூவும் போனால் போகட்டும் என்றேன்.

டிசம்பர் 4

வேலியேற்றம். தண்ணீர் மேடையின் இரண்டாவது கல் வரை வந்து நின்றது, சட்டியைத் தொடவில்லை. அடுக்களைக்குள் மட்டும் வழக்கம்போல.

டிசம்பர் 9, ஞாயிறு

செடியில் புதுக் கொழுந்து. சாக்கில் கொஞ்சம் சிமெண்ட் மீதி இருக்கிறது. கட்டி தட்டிப்போவதற்குள் அடுக்களை வாசற்படியை உயர்த்திக் கட்டச் சொன்னேன்.

கரண்டியைக் கழுவி எடுத்துவந்தார். "சும்மா அடுக்கட்டா, சிமெண்டு வச்சே கட்டட்டா?" என்று கேட்டார்.

வைத்தே கட்டுங்கள் என்றேன்.