கோலமாவில் ஒரு ஓடை

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, வெயிலும் இல்லை. பாப்பாவின் துணி எதுவும் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே நாற்காலி, நாற்காலி முழுக்க ஜட்டி. வீடெல்லாம் ஈர வாடை.

தூளியை இன்னும் ஒரு முடிச்சு உயர்த்திக் கட்டினேன். இவர் பார்த்துச் சிரித்தார். "இப்புடியே போனா புள்ள ஃபேன்ல இடிச்சிக்கும் சுதா." சிரிக்கட்டும். போன வருஷம் தண்ணீர் உள்ளே வந்தபோது இவர் நைட் ஷிஃப்ட்டில். வயிற்றில் பாப்பா. சத்தமே இல்லாமல் வந்தது. விடியலில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், தரை இல்லை, தண்ணீர். இப்போது பாப்பா தவழ்கிறாள். வாசல் என்றால் அவளுக்கு உயிர்.

வாங்க: மெழுகுவர்த்தி, டார்ச்சுக்கு செல், ஜுர மருந்து, கொசுவர்த்தி. மெழுகுவர்த்தி போன வாரமும் வாங்கினேன். இருக்கட்டும்.

விஜயா அக்கா வந்தாள். இரண்டு வீடு தள்ளி. எங்கள் மகளிர் குழுத் தலைவி, வாய் கொஞ்சம் துடுக்கு. புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டமாம். மாவட்டத்துக்குப் பேரிடர்த் திட்டம் போடுகிறார்கள், தெருத்தெருவாகக் கேட்டு எழுதப் போகிறார்கள். வருகிறவர்கள் கோலமாவு கொண்டுவர வேண்டுமாம்.

"கோலமாவு எதுக்குக்கா?"

"வெள்ளத்த, வாங்க வாங்கன்னு கோலம் போட்டுக் கூப்புடப் போறாங்க போலடி."

சிரித்தேன். அப்புறம் தூளியைப் பார்த்தேன்.

நவம்பர் 12, புதன்

தூறல். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே கூட்டத்துக்கு.

கடலூரிலிருந்து ஒரு மேடம். என் வயசுதான் இருக்கும். காலில் சேறு, அதைப் பற்றிக் கவலையே இல்லை. எனக்குப் பிடித்தது.

எங்கள் தெரு சரோஜா அக்கா எடுத்ததுமே பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, கடலு எங்க கெடக்குது, நாங்க எங்க கெடக்குறோம்? பொயலு, சைரனு எல்லாம் அங்க சொல்லுங்க. எங்கள ஏன் கூப்புட்டீங்க?"

"கடலோர மாவட்டம்னா கடலோரம் மட்டும் இல்லீங்க. மேக்க பேயற மழை ஒங்க ஊரு வழியாத்தான் கடலுக்கு வருது. தண்ணிக்கு நீங்கதான் மொத ஸ்டாப்பு."

திட்டத்தில் என்னென்ன, மறக்காமல் இருக்க: தெருவுக்கு முதலில் ஓடிவரும் ஆட்கள் யார். நடக்க முடியாதவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, இவர்களை யார் தூக்குவது. எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கல்யாண மண்டபம். அங்கே ஜெனரேட்டர் உண்டா, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா (இது நான் கேட்டது). போன் இல்லாத வீட்டுக் கதவை யார் தட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலே, மழைக்கு முன்பே ஓடை வாய்க்கால் அடைப்பை எடுப்பது. "வந்தப்பறம் ஓடறது திட்டம் இல்லீங்க. வராம பாத்துக்கறதுதான் திட்டம்" என்றார் மேடம்.

எங்கள் தெருவுக்கு முதலில் ஓடிவரும் ஆள், நான். பி.எஸ்ஸி. படித்தவள், வாட்ஸ்அப் இருக்கிறது, போதுமாம். இடுப்பில் ஒன்று இருக்கிறதே, இதோடு யாரைத் தூக்குவது?

கோலமாவு எதற்கென்று அப்புறம்தான் தெரிந்தது. வராந்தாத் தரையில் எங்கள் பகுதியை நாங்களே வரைய வேண்டும். ரோடு வெள்ளை. மணிமுத்தாறு நீலம். நடக்க முடியாதவர் வீட்டுக்கு மஞ்சள் பொட்டு. ரேஷன் கடை பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சண்டை. எங்கள் குழு ஜெயந்தி ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பார்டர் போட்டுவிட்டாள். "ஏய், ஆத்துக்கு எதுக்குடி கம்பி கோலம்? மார்கழியா இது?" ஒரே சிரிப்பு.

"ஓடைய சுதா போடட்டும். அவ வூடுதான் அதும் பக்கத்துல" என்றாள் விஜயா அக்கா.

செராமிக் பட்டறைகளின் பின்பக்கம் வரைக்கும் கை வந்தது. அங்கே நின்றது.

இவர் வேலை செய்யும் பட்டறைக்குப் பின்னால் ஓடையே இல்லை. பேருக்கு ஒரு சந்துதான். காது போன கப்பு, விரிசல் விட்ட ஜாடி, தேய்ந்த அச்சு, எல்லா உடைசலும் அங்கேதான் கொட்டுகிறார்கள். கரை பலமாகிறது என்று பேச்சு. பீங்கான் மக்குமா? மலையாகிவிட்டது. போக வழியில்லாத தண்ணீர்தான் எங்கள் தெருவுக்குத் திரும்புகிறது. இது எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? உட்கார்ந்திருந்த பாதிப் பேர் வீட்டு ஆண்களுக்கு அந்தப் பட்டறைதான் சோறு. தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. சரோஜா அக்கா தன் கால் மெட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஓடையில எங்கயாவது அடைப்பு இருக்குதா?" மேடம்.

"இல்லீங்க மேடம். சும்மா பாம்பாட்டம் போவுது." விஜயா அக்கா.

கோட்டை நேராக இழுத்து ஆற்றில் சேர்த்தேன். நல்ல கோடு.

நவம்பர் 13, வியாழன்

பாப்பாவுக்குச் சளி. இரண்டு தடவை வாந்தி. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி விளையாட்டு.

பட்டறையில் கார்த்திகை அகலுக்கு ஆர்டர் குவிந்துகிடக்கிறது. இவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோதே ஓடையை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது, பசியில் இருந்தார்.

"யாரு கொட்டுனது? நான்தான் வண்டி தள்ளிக்கினு போயி கொட்டுனேன். என் பேர எழுதிக்கச் சொல்லு."

"ஒங்கள சொல்லலீங்க."

"பின்ன யார? மொதலாளியவா? பாப்பா பொறக்கறப்ப கடலூரு வரைக்கும் யாரு காரு போச்சி?"

அந்தக் கார்தான். முதலாளியே ஓட்டினார். நான் பின் சீட்டில் கத்த, வடலூர் தாண்டும் வரைக்கும் "ஒண்ணும் ஆவாதும்மா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குத்தான் அதிகமாக வியர்த்திருந்தது. நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

ரசம் மீதி. நாளைக்குக் காலை ஆகும்.

நவம்பர் 15, சனி

மழை. மழை. மழை. கரண்ட் வருகிறது, போகிறது. மேலத் தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டதாம். எங்கள் தெருவில் வடியவில்லை.

மத்தியானம் அடுப்பில் கஞ்சி. பாப்பா சத்தம் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலில். தண்ணீர் மேல்படிக்குக் கொஞ்சம்தான் கீழே. குனிந்து, உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இவர் அப்போதுதான் முழங்கால் தண்ணீரில் நடந்து தெருவில் வந்துகொண்டிருக்கிறார். இருவருமே ஓடினோம். அவர் முந்திக்கொண்டார்.

தூக்கியவர் இறக்கவே இல்லை. வெகுநேரம். அப்புறம் ஒரு பலகையைத் தேடி எடுத்து வாசலுக்குக் குறுக்கே அடித்தார். ஆணி இரண்டு வளைந்தது.

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

மழை விட்டு விட்டு. தண்ணீர் அதே இடத்தில்.

இன்று மேடம் மறுபடி வந்தார். போன தடவை போட்ட கோலம் பிள்ளைகள் காலில் அழிந்துவிட்டது. திரும்ப வரையச் சொன்னார். இந்தத் தடவை பார்த்துப் பேப்பரில் ஏற்றி, திட்டத்தில் சேர்த்துவிடுவார்களாம்.

கிளம்பும்போது இவரிடம் சொன்னேன். சொல்லாமல் போக மனசு வரவில்லை. "இன்னைக்கு ஓடைக் கோட்ட நேரா இழுக்க மாட்டேங்க." கண்ணாடி முன் தலை சீவிக்கொண்டிருந்தார். சீப்பு நின்றது. அப்புறம் மறுபடி சீவினார்.

"கொடைய எடுத்துக்கினு போ. புள்ளைக்குச் சளி."

வீட்டிலிருந்து காது போன கப்பு இரண்டை உடைத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் எல்லாக் கப்பும் அப்படித்தான், பட்டறையில் கழித்தவை. ஓடையை வரைந்தேன். பட்டறை வந்ததும் மாவை நிறுத்தி, உடைசலைக் கோட்டின் மேல் குவித்தேன். டக்கென்ற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

"என்னங்க இது?" மேடம்.

பாப்பா ஒரு துண்டை எடுக்கக் கை நீட்டினாள், தடுத்தேன். போச்சு என்று நினைத்தேன். இவர் வேலை போச்சு, தெருவில் முகம் காட்ட முடியாது, எல்லாம் போச்சு.

விஜயா அக்காதான் வாயைத் திறந்தாள். குரல் வழக்கம் போல இல்லை. "உடைசலுங்க மேடம். எங்கூட்டு ஆம்பளைங்க கொட்டுனது. எங்க எல்லாரு வூட்டு ஆம்பளைங்களும்."

"அன்னைக்கு இல்லன்னீங்களே?"

"அன்னைக்குத் தண்ணி மேல்படி வரைக்கும் வரலீங்க."

ஜெயந்தி தன் பங்குக்கு ஒரு கைப்பிடி மாவை எடுத்து, ஓடையிலிருந்து எங்கள் தெருப் பக்கமாக வளைத்து இழுத்தாள். தண்ணீர் வரும் வழி. என் வீட்டில் வந்து முடிந்தது. அதைக் கோலமாகப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

வெளியே வந்ததும் விஜயா அக்கா என் காதைத் திருகினாள். "பி.எஸ்ஸி. படிச்சவளே, கப்ப ஒடைக்கறதுக்கு முன்ன என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? நான் ஜாடியே கொண்டாந்திருப்பனே."

நவம்பர் 18, செவ்வாய்

வானம் வெளுத்திருக்கிறது. நம்பக் கூடாது. வங்கக்கடலில் இன்னொன்று உருவாகிறது என்று டிவியில்.

அடைப்பு எடுக்க மேடம் அனுப்பிய பொக்லைன் சேற்றில் இறங்க முடியாமல் திரும்பிப் போய்விட்டது. காலையில் இவர் கடப்பாரையை எடுத்தார். எங்கே என்று கேட்கவில்லை. பின்னாலேயே விஜயா அக்கா வீட்டுக்காரர், ஜெயந்தி தம்பி, இன்னும் நாலைந்து பேர். பட்டறை இன்று ஓடவில்லை. பகல் முழுக்க ஓடைப் பக்கமிருந்து பீங்கான் கூடையில் விழும் சத்தம். அந்தச் சத்தத்திலேயே பாப்பா தூங்கினாள்.

சாயங்காலம் இவர் வந்தார். கையெல்லாம் கீறல். மஞ்சள் வைக்கும்போது சொன்னார், முதலாளி வந்து கரையில் நின்றாராம். குடை பிடித்துக்கொண்டு. வெகுநேரம்.

"என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. போறப்ப, காலையில வந்து என்னைப் பாருன்னாரு."

"கோவமாவா?"

"தெரியல சுதா. மூஞ்சிய பாக்க முடியல, கொட மறைச்சிடிச்சி."

வாசலில் போய்ப் பார்த்தேன். மேல்படி காய்ந்திருக்கிறது. அதற்கடுத்த படியும் தெரிகிறது, சேறோடு. பலகையை எடுக்கவில்லை.

தூளியை ஒரு முடிச்சு இறக்கினேன். ஒன்று மட்டும்.