பதினெட்டுக்குக் குறைந்தால் அடி படாது

சனிக்கிழமை பின்னேரம் என் மகன் நாலு கூட்டாளிகளோடு ஹோலில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறான். கையில் இருபது முகமுள்ள பிளாஸ்டிக் தாயக்கட்டை. ஒருவன் அரக்கனாம், ஒருவன் வீரனாம். வெட்டு கவசத்தில் பட்டதா, உடம்பில் பட்டதா என்று அரை மணித்தியாலமாகச் சண்டை. கழுதைக்கு வயது முப்பது. எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. மச்சான், நீ இருந்திருந்தால் எழும்பிப் போய் அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லியிருப்பாய். உனக்கு அந்த வியாதி இருந்தது.

உன் ஒன்றுவிட்ட அண்ணன் லண்டனிலிருந்து அனுப்பிய, இதே மாதிரி விளையாட்டின் விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியில் எங்கள் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த வீட்டுக்கு வருவாய். காணிக் கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தான் நீ, அச்சில் எதைக் கண்டாலும் கும்பிடுவாய். இரும்புக் கவசம் போட்டவன் மேல் அடி படுவது கஷ்டம், பட்டால் முழு அடிதான் என்று புத்தகம் சொன்னது. எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. இரும்பைச் சுமக்கிறவனால் விலகி ஓட முடியாது. அவன் மேல் அடி சுலபமாகப் படும், காயம்தான் குறையும். கவசம் என்றால் அதுதானே?

"போடுறது அடி தாங்கத்தான்டா. இதை எழுதினவன் ஒரு நாளும் அடி வாங்கியிருக்க மாட்டான்," என்றேன்.

"விதியில அப்பிடித்தான் கிடக்கு. நீ உன்ர கடையைப் பார், நான் விதியைப் பாக்கிறன்," என்றாய்.

இருபது முகத் தாயக்கட்டைக்குக் கண்டியில் எங்கே போவது? சிகரெட் பெட்டி அட்டையை வெட்டி, ஒன்றிலிருந்து இருபது வரை எழுதி, ஒரு பால்மா டின்னுக்குள் போட்டேன். அடிக்கிறவன் கண்ணை மூடி ஒரு சீட்டு எடுக்க வேண்டும். உன் வீரனின் கவசத்துக்கு எண் பதினெட்டு. பதினெட்டோ அதற்கு மேலோ வந்தால் அடி படும், குறைந்தால் படாது. ஒவ்வொரு தடவையும் சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க எனக்கு அலுப்பு. "எடுத்தது வெளியிலயே கிடக்கட்டும், டின் காலியானதும் எல்லாத்தையும் போட்டுக்குவோம்," என்றேன். புத்தகத்தை மீறி நீ ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது.

ஏனென்று பிறகுதான் விளங்கியது. நீ எண்ணிக்கொண்டிருந்தாய். பதினெட்டு, பத்தொன்பது, இருபது மூன்றும் வெளியே வந்ததும் சட்டைக் கையை மடிப்பாய். "வரவேண்டியது வந்திட்டுது. இனி என்ர ஆளை ஒருத்தரும் தொடேலாது," என்று வீரனைத் திருடர் கூட்டத்துக்கு நடுவே நடக்கவிடுவாய். தொடவும் முடியாது. என்ன பெருமை உன் முகத்தில். முன்னே விழுந்தது தாயக்கட்டைக்கு ஞாபகம் இருக்காது என்று ஹோலில் கத்துகிற இந்தப் பயல்களுக்குக்கூடத் தெரியும். கிளாக்கர் ஐயாவுக்குத் தெரியவில்லை.

தமிழர்களுக்கு எதிரான கலவரம் தொடங்கிய அன்று நீ எங்கள் வீட்டில்தான் இருந்தாய். கடைக் கதவை உடைத்து சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குசினியில் ஒளிந்திருந்தோம். கட்டுகஸ்தோட்டையில் நீ போர்டிங் இருந்த வீதியையும் அன்றே அடித்துவிட்டார்கள் என்று அந்த வீட்டுக்காரர் செய்தி கொண்டுவந்தார். உன் அறை பின்பக்கம் என்பதால் தப்பியதாம். மறுநாள் காலை நீ முகம் கழுவி, தலை சீவி நின்றாய்.

"சேர்டிபிக்கேட் எல்லாம் அங்க கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்."

"வேணாம் தம்பி, பேப்பர்தானே. அப்புறமா எழுதிப் போட்டு வாங்கிக்கலாம்," என்றாள் அம்மா.

"அங்க நேற்றே வந்திட்டுப் போட்டாங்கள் அம்மா. அடிச்ச இடத்துக்கு இனி ஏன் வரப்போறாங்கள்? இண்டைக்கு வேற இடம்தான்."

வந்தார்கள். முதல் நாள் விட்டுப்போனதை எடுக்க அதே வீதிக்கு மறுநாளும் வந்தார்கள். போர்டிங் வாசல் படியிலேயே உன்னைப் பிடித்தார்கள். கையில் ஃபைல் இருந்ததாம்.

இத்தனை வருடமாக உன்னைப் பற்றி யார் கேட்டாலும் படித்த முட்டாள் என்றுதான் சொல்கிறேன். ஒரு டின் சீட்டை நம்பி, ஊரை எரிக்கிறவர்கள் நடுவே போனவன் என்று. "செத்தவரை இப்படிப் பேசாதீங்க," என்று என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் நிறுத்துவதில்லை. உன்னை இப்படி ஏசிக்கொண்டிருந்தால் மற்றதை யாரும் கேட்க மாட்டார்கள்.

நீ வாசலில் இறங்கும்போது அம்மா உன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. நீ சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது மச்சான். நானும் எண்ணிப் பார்த்தேன், அங்கே வரவேண்டியது வந்து போய்விட்டதுதானே என்று. "விடுங்கம்மா, அவன் சொல்றது சரிதான்," என்று அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது நான். அந்தப் பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று என் கைக்கு இன்னும் தெரியும்.