முப்பத்தெட்டுப் புள்ளி ஒன்று

நவம்பர் 4, 1968. திங்கள்

விடாத மழை. தண்டையார்பேட்டையில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தே போனேன். அப்படியும் நேரத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான்.

கூரை ஒழுகி, சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்த அங்குலம் – மி.மீ. அட்டவணை ஊறிவிட்டது. போர்மேன்: "பெர்சு, வேற ஒண்ணு எழுதிக் குடு. இது ஒரே கலீஜா கீது." கேட்டால், தாளைச் சொன்னானாம். என் கணக்கை இல்லையாம்.

வாங்க: அட்டை ஒன்று, கறுப்பு மை, வீட்டுக்காரிக்கு முட்டித் தைலம்.

நவம்பர் 5. செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம்.

அட்டவணை பாதி முடிந்தது. பட்டறையின் மெட்ரிக் வெர்னியர் அளவுகோலில் ஒரு தசம ஸ்தானத்துக்கு மேல் படிக்க முடியாது. எல்லா அளவையும் அதற்குள் சுருக்க வேண்டும். என் முறை: நாலு ஸ்தானத்திலிருந்து மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. வெட்டும் இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் முன்னிலக்கத்தில் ஒன்று கூட்டு. ஆறாவதோடு நின்றவன். பழைய புத்தகம் வாங்கி நானே கற்றது.

படகின் விசிறியைச் சுழற்றும் ஷாப்ட், அந்த வரியில் கை நின்றது. 1.498 அங்குலம். 25.4-ஆல் பெருக்கினால் 38.0492. பழைய தாளில் படிப்படியாகச் சுருக்கிய நடுவரிகள் கரைந்துபோயிருந்தன. சோம்பலில் நேராகப் பார்த்து 38.0 என்று எழுதிவிட்டேன். பழைய தாளில் விடை 38.1.

மூன்று தடவை போட்டேன். என் முறையில் 38.049, 38.05, 38.1. நேராகச் சுருக்கினால் 38.0.

பெருக்கலில் பிழை இல்லை.

"இன்னாயா, சோத்தப் பாத்துகினே குந்தினுகீற?" என்றாள் வீட்டுக்காரி. பசி இல்லை என்றேன்.

நவம்பர் 6. புதன்

காலை முழுவதும் எனக்கு நானே வாதாடினேன். ஐந்து வந்தால் கூட்ட வேண்டும், கூட்டினேன். இதில் என் குற்றம் என்ன?

மத்தியானம் வாதம் தீர்ந்துவிட்டது. 0.0492 பாதிக்குக் குறைவு. பாதி 0.05. குறைவாக இருந்ததை நான்தான் படிப்படியாகத் தூக்கிப் பாதியாக்கினேன். பாதி ஆகிவிட்டதே என்று மறுபடியும் தூக்கினேன்.

மே மாதத்துச் சமாசாரத்தை எழுதிவிடுகிறேன். வேறு எங்கும் எழுதப் போவதில்லை.

அந்தோணி. பக்கத்துக் கடைசல் லேத்தில் பன்னிரண்டு வருஷம். என் அட்டவணையைப் பார்த்துத்தான் அந்த ஷாப்டைக் கடைந்தான். புஷ் என்கிற உலோக வளையத்துக்குள் சுழல வேண்டியது அது. கடைவதற்கு முன்னால் வந்து கேட்டான்: "அண்ணாத்தே, புஷ்ஷு ஓட்டையும் 38.1, ஷாப்டும் 38.1. நடுவுல எண்ணெய் போவ எடம் வாணாமா?"

"அட்டவணை போட்டவன் நானா, நீயா? எழுதினதை வெட்டு" என்றேன்.

வெட்டினான். சுத்தியலால் அடித்துத்தான் ஏற்றினார்கள். நடுக்கடலில் புஷ் சூடேறிப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் நாலு பேர் அலையில். உயிரோடு வந்தார்கள்.

போர்மேன் எங்கள் இருவரையும் நிற்க வைத்தான். "உன்னாண்ட கேட்டேங்கிறானே, கேட்டானா?" என்றான் என்னிடம்.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

ஞாபகம் இருந்தது. அந்தோணியை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

நவம்பர் 8. வெள்ளி

அட்டவணை முடிந்தது. எல்லா வரியும் நேர்முறையில் திரும்பப் போட்டேன். இன்னும் இரண்டு இடத்தில் அதே பிழை. யாரும் அதை வைத்துக் கடையவில்லை. தப்பித்தேன் என்று எழுதப் போனேன். எழுதவில்லை.

தைலம் மறந்துபோயிற்று. திட்டு.

நவம்பர் 10. ஞாயிறு

எண்ணூர் போனேன். அந்தோணி அங்கே ஒரு கட்டட வேலையில் ஜல்லி சுமக்கிறான். லேத்துப் பிடித்த கை. உள்ளங்கையெல்லாம் வெடிப்பு.

"இன்னா அண்ணாத்தே, பஸ்ஸு மாறி ஏறிட்டியா?"

கணக்குத் தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"நம்பரு தப்புன்னு எனுக்கு அன்னிக்கே தெரியும். அதான உன்னாண்ட வந்து கேட்டேன்? தப்பு யாருக்குத்தான் வராது. 'ஆமாய்யா, கேட்டான்'னு ஒரு வார்த்த. வாயில இன்னா கொயக்கட்டையா வச்சினுருந்த?"

அவன் மனைவி உள்ளேயிருந்து: "வுடுய்யா, வயசானவரு."

"வயசானா? அன்னிக்கு இன்னா, தொட்டில்லயா இருந்தாரு?"

மன்னிப்பு என்ற சொல்லைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். வரவில்லை. "முறை தப்பு, பெருக்கல் சரி" என்றேன். அதைத்தான் சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பஸ்ஸில் கூடவே வந்தது.

நவம்பர் 11. திங்கள்

வெயில். கடிதம் எழுதிப் போர்மேனிடம் கொடுத்தேன். இரண்டே வரி. அளவு என்னுடையது. அந்தோணி கேட்டான், நான் மறைத்தேன்.

படித்தான். மடித்தான். "பெர்சு, அந்த லேத்துக்கு வேற ஆளு வந்து மூணு மாசம் ஆவுது. இத்த நான் பாக்கல. நீ கிய்ச்சிப் போட்டுடு."

கிழிக்க மாட்டேன் என்றேன். புது அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன், கையெழுத்தோடு. அவன் தடுக்கவில்லை. ஓரிருவர் வந்து படித்தார்கள். ஒருவன் உதட்டைப் பிதுக்கினான். மறுபடி லேத்துகள் ஓடின.

நாளையிலிருந்து வராதே என்று போர்மேன் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சங்கு. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.