ரஹ்மத் நாகமலை ஏறிட்டா

அன்பான அத்தாவுக்கு,

உங்க சின்ன மக ரஹ்மத் நேத்து நாகமலை ஏறி இறங்கிட்டா. கை கால் எல்லாம் பத்திரம். அதை முதல்ல சொல்லிடுறேன், இல்லாட்டி நீங்க அங்கேயும் பதறுவீங்க.

காலேஜ்ல ஞாயித்துக்கிழமை மலையேறக் கூட்டிப் போறாங்கன்னு அவ வந்து சொன்னதும், அம்மா முடியாதுன்னுட்டாங்க. "விழுந்து வச்சா யாரு பாக்குறது? அதெல்லாம் கார் வச்சிருக்க வீட்டுப் பிள்ளைகளுக்கும்மா."

நீங்க இருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பீங்க? பாத்திரக்கடையே உங்க உலகம். நம்ம வீட்டுல வெயில்ல போறதுன்னா வேலைக்குப் போறதுதான். சும்மா காத்து வாங்க மலை ஏறலாம்னு நமக்கு யாரு சொன்னா?

ரஹ்மத் சண்டை போடலை. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. நீங்க மவுத்தாகி எங்களை விட்டுப் போனதுலேருந்து அவ எதுக்குமே சண்டை போடுறதில்லை. காலேஜ் விட்டா வீடு, வீட்டுல ஒரு மூலை. "நானும் கூடப் போறேம்மா"ன்னேன். அம்மா என் முகத்தையே பாத்துட்டு, "கையைப் பிடிச்சுக்கிட்டே போங்க"ன்னாங்க.

பஸ்ல அவ என் காதுல சொன்னா: "அக்கா, இவங்கள்லாம் சின்னதுலயே கொடைக்கானல் அது இதுன்னு போய்ப் பழகினவங்க. நான் மட்டும் பாதியில உக்காந்துட்டா?"

பாதியில உக்காந்தது நான்தான் அத்தா. மூச்சு வாங்கி, ஒரு பாறையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். முன்னால போனவ திரும்பி இறங்கி வந்து கையை நீட்டினா. "எந்திரிக்கா. இம்புட்டுதான், வந்துருச்சு." அவ இப்படிச் சத்தமாப் பேசி எத்தனை மாசம் ஆச்சு!

உச்சியில காத்து ஆளைத் தள்ளுச்சு. கீழே வயல், தென்னந்தோப்பு, தூரத்துல ஊரு. "அந்தா, நம்ம தெரு"ன்னு கையை நீட்டினேன். "அது நம்ம ஊரே இல்ல, பக்கத்து ஊரு பரவைக்கா!"ன்னு அவ சிரிச்சா பாருங்க, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. கூட வந்த பிள்ளைகளும் சேந்துக்கிச்சுக. நானும் சிரிச்சேன். கொஞ்சம் அழுதுட்டேன்.

சாயங்காலம் வாசல்ல அம்மா நின்னாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். ரஹ்மத் துப்பட்டாவுல அப்பியிருந்த ஒட்டுப்புல்லை ஒவ்வொண்ணாப் பிடுங்கிக்கிட்டே, "மேல காத்து நல்லா இருந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்குத்தான் காத்திருந்த மாதிரி அவ பேச ஆரம்பிச்சா. சோறு ஆறிப் போச்சு, பேச்சு நிக்கலை.

அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிப் போவேன் அத்தா, அடிவாரம் வரைக்குமாவது. அவங்க வரலைன்னாலும் ரஹ்மத் போவா. நான் கூடப் போனாலும் போகலைன்னாலும் போவா. அதுக்கு நான் பொறுப்பு.

என்னைக்கும் உங்க மூத்த மக,
ஷமீமா