மூடி வைத்த கண்

ரமழான் பிறை 29, இரவு

சூரியனின் புற ஊதாக் கதிரை அளக்கும் செய்மதிக் கருவி ஒன்றின் தரவுகளை ஆய்வுக்காக மாதக்கணக்கில் பார்த்துவருகிறேன். அளவு குறைந்துகொண்டே வந்தது. சூரியன்தான் மங்குகிறது என்று எழுதிவைத்திருந்தேன். பிழை என்று இன்று காலை தெரிந்தது. கருவிக்கு இரண்டு கண்கள். ஒன்று எந்நேரமும் சூரியனைப் பார்க்கும். மற்றதை மூடியே வைத்து, எப்போதாவது திறந்து ஒப்பிடுவார்கள். மூடியிருந்த கண்ணுக்குச் சூரியன் குறையவே இல்லை. பார்த்துப் பார்த்து முதல் கண்தான் மங்கியிருக்கிறது. பகலிலேயே திருத்தி அனுப்பிவிட்டேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பாவோடு மொட்டைமாடிக்குப் போனேன். கடல் தொழில் செய்து வெயிலில் காய்ந்த கண்கள் அவருக்கு. ஆனாலும் பெருநாள் பிறையை ஊரில் முதலில் காண்பவர் அவர்தான். மேற்கே வயல் பக்கம் நெடுநேரம் பார்த்தார்.

"காணல்லயே. உனக்குத் தெரியிதா மகள்?"

தென்னைகளுக்கு மேலே மெல்லிய கீற்றாக எனக்குத் தெரிந்தது. அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்தேன்.

"இல்ல வாப்பா."

அவர் பள்ளிவாசலுக்குப் போனார். சற்று நேரத்தில், பிறை தென்பட்டது, நாளை பெருநாள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வாப்பா திரும்பி வந்து உம்மாவிடம் சொன்னார்:

"எல்லாரும் கண்டமெண்டாங்க. நான் விடல்ல. என்ட கண்ண நம்பாமத்தான் மகள்ட்டயும் கேட்டன், அவளும் காணல்ல எண்டு பள்ளியில சத்தியம் பண்ணிச் சொன்னன்."

உம்மா என்னைப் பார்த்தார். நான் பெருநாள் வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.