நகராத சைக்கிள்

12 மார்ச் 1988, சனி

மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். காலில் வலு போதவில்லை என்று, சமூக நிலையத்தில் நடக்கும் உடற்பயிற்சி சைக்கிள் வகுப்புக்குப் போனேன். என்னதான் மிதித்தாலும் அந்தச் சனியன் ஓரங்குலம் நகராது. மாஸ்டரோ முன்னால் மிதித்தபடியே, "மேடு வருது, அழுத்துங்க!" என்று கத்துகிறார். எந்த மேடு? எதிரே சுவர்தான் இருக்கிறது. பாதியில் மூச்சு வாங்கி இறங்கியது நான். அவருக்கு வியர்க்கக்கூட இல்லை.

முடிந்ததும், "புக்கிட் தீமா மலைப் பக்கம் சைக்கிள் ஓட்டுவீங்களா சார்?" என்று கேட்டேன்.

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது லா. விழுந்துடுவேன்னு பயம். நீங்க சொல்லிக்கொடுங்களேன்" என்றார்.

முடியாது என்று சொல்ல எனக்கு என்ன கேடு? தலையாட்டிவிட்டு வந்தேன். நாளைக் காலை பயிற்சிக்கு மலை ஏற வேண்டியவன், கார்பார்க்கில் அவர் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடப்போகிறேன்.