வீட்டுக்காரருக்கு நான் கரண்ட் வைக்கவில்லை

என் ரெஜினா அண்ணிக்கு,

வலிக்கு வைக்கும் உங்கள் கரண்ட் மெஷின் இப்போது நம் மந்தைவெளி வீட்டு ஹாலில், டிவி இருந்த இடத்தில் இருக்கிறது. டிவி படுக்கையறைக்குப் போய்விட்டது. கிரிக்கெட் பார்க்க அண்ணனும் அதன் பின்னாலேயே போய்விட்டார். "கல்யாணத்துக்கு அவ கொண்டு வந்த பீரோவுக்குக்கூட நான் இவ்ளோ இடம் விடல" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது. வரட்டும்.

நீங்கள் ஆரம்பித்த அபிராமபுரத்து பிசியோதெரபி கிளினிக் என்ன ஆச்சு என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. காலி பண்ணிவிட்டேன். பண்ண வைத்தார்கள். எல்லாம் உன் வாயால்தானே என்பீர்கள். தெருவே அப்படித்தான் சொல்கிறது. அதுதான் இல்லை அண்ணி! நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

நீங்கள் போன மறுமாதமே நான் கடையைக் கட்டிவிடுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கட்டவில்லை. கே.கே. நகரிலிருந்து சுமதி என்ற பிசியோதெரபிஸ்ட் மாலையில் வருகிறாள். யாருக்கு எந்த இடத்தில், எத்தனை நிமிஷம் என்று அவள் எழுதித் தருவாள். ஒயர் நுனியிலிருக்கும் பேடைத் தோலில் ஒட்டி, டயலைத் திருப்பி, பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது வழக்கம்போல நான்.

உங்கள் சட்டங்களில் ஒன்றும் தளரவில்லை. டயல் ஜீரோவில் இருக்கிறதா என்று பார்க்காமல் பேடை ஒட்டுவதில்லை. ஜீரோவுக்குக் கொண்டுவராமல் எடுப்பதுமில்லை. கழுத்தின் முன்பக்கம் கிடையாது, நெஞ்சுக்குக் குறுக்கே கிடையவே கிடையாது. ஈரக்கையோடு பிளக்கைத் தொடுவதில்லை. இடுப்பு வலிக்கு வரும் ஆட்டோ கஜா இன்னமும் கெஞ்சுகிறான்.

"இன்னாக்கா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் கீது. நல்லா தூக்கி வையேன்."

"இது பிரியாணி மசாலா இல்லடா, அள்ளிப் போடறதுக்கு."

"நம்ம பாடி தாங்கும்க்கா."

"உன் பாடி தாங்கும். எங்க அண்ணி தாங்க மாட்டாங்க."

உடனே அடங்கிவிடுவான். உங்கள் மேல் இன்னும் அவ்வளவு பயம்.

இனி நம் வீட்டுக்காரர் விஷயம். கிளினிக்குக்கு இடம் கொடுத்த அதே மனிதர்தான். அவர் மகளுக்கு வரன் கூடி வந்து, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தைக்கு முழங்கால் வலி. நம்மிடம்தான் வருவாள். நான் அந்தப் பக்கம் திரும்பினால் தானே டயலைத் திருகிக்கொள்ளும் ரகம். "கொஞ்சமாக் கூட்டிண்டேன், அதுக்கு ஏன் இப்படிக் கத்தறே?" என்று என்னையே கேட்பாள்.

ஒரு நாள் அத்தை கூடவே வீட்டுக்காரரையும் அழைத்து வந்தாள். அவருக்கு இடது தோள் பிடித்துக்கொண்டு கை மேலே எழும்பவில்லை. அத்தை திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் படுத்தாள். இந்தப் பக்கம் இவர். சுமதியின் பஸ் இன்னும் வரவில்லை. நீங்கள் செய்வதைப் போலவே கணீரென்று கேட்டேன்: "உடம்புக்குள்ள டாக்டர் ஏதாவது மெஷின் வெச்சிருக்காரா சார்?"

"ஒண்ணும் கிடையாது!" என்றார், என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்து.

சட்டையைக் கழற்றச் சொன்னால் ஒரு கையை மட்டும் உருவுகிறார். பனியன் விளிம்புக்கு மேலே, காறை எலும்பின் கீழே, தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. மேலே ஆறியும் ஆறாத தழும்பு. பேஸ்மேக்கர்!

உள்ளே இருப்பதும் துடிப்பு அனுப்பும் பெட்டி, நம்முடையதும் துடிப்பு அனுப்பும் பெட்டி. வெளியிலிருந்து வருவதை இதயத்தின் துடிப்பென்று நம்பி, உள்ளே இருப்பது தன் வேலையை நிறுத்திவிட்டால்? நீங்கள் எனக்கு விளக்கியது அப்படியே காதில் கேட்டது: "நீ உலை வெச்சிருப்பேன்னு நானும், நான் வெச்சிருப்பேன்னு நீயும் இருந்தோமே பிலோ, அன்னிக்கு வீட்ல சோறே இல்லையே, அந்த மாதிரி." அன்றைக்கு நாம் ஹோட்டலில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டோம். இதயம் எந்த ஹோட்டலுக்குப் போகும்?

"அப்பறம் ஏன் சார் வந்தீங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"கோயில்ல பாத்தா. தோள் வலியான்னு கேட்டா. கையோட இழுத்துண்டு வந்துட்டா" என்று அவர் மூச்சுக் காற்றாலேயே பேசினார். "மாட்டேன்னா ஏன்னு கேப்பாளே? ஹார்ட்டுக்காரன் ஆத்துலேர்ந்து பொண்ணு எடுப்பாளா? ஸ்விட்ச் போடாம சும்மா ஒட்டி வைம்மா. பேருக்கு."

சபலம் தட்டியது அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். பாவம், பெண்ணைப் பெற்றவர். ஆனால் நான் ஒட்டிவிட்டு நகர்ந்த நிமிஷம் அத்தை எழுந்து வந்து, "உங்களுக்கு இன்னும் ஏறலையே" என்று ஸ்விட்சைத் தட்டி டயலைத் திருகமாட்டாள் என்று என்ன நிச்சயம்? இன்றைக்குத் தப்பினாலும் நாளைக்கு வேறு கிளினிக்கில், "அபிராமபுரத்துல வெச்சாளே, ஒண்ணும் ஆகலையே" என்று இவரே படுத்துக்கொள்ள மாட்டாரா?

பேடைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடினேன். "உங்களுக்குக் கரண்ட் வைக்க மாட்டேன் சார்."

திரைக்குப் பின்னாலிருந்து அத்தை: "ஏன், அவருக்கு மட்டும் ஏன் வைக்கக் கூடாது?"

அவர் என்னைப் பார்த்த பார்வை! ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், சம்பந்தம் முறிந்தது. தெருவில் எந்த வீட்டு மருமகள் எந்த வீட்டு மாமியாரை என்ன சொன்னாள் என்று பால் பாக்கெட் வருவதற்கு முன் விநியோகிப்பவள் நான். அந்த வாயால் சொன்னேன்: "எனக்கு இஷ்டமில்ல மாமி. அவ்ளோதான்."

அவ்வளவுதான், வீட்டுக்காரருக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. "என் எடத்துல இருந்துண்டு எனக்கே இஷ்டமில்லையா? திமிரு!" என்று கத்திக்கொண்டே வெளியேறினார்.

மறுநாள் தூது வந்தது. மெஷின் ரிப்பேர் என்று அத்தையிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டால் இருக்கலாம், இல்லையென்றால் காலி. மெஷின் சரியான பிறகு அத்தை மறுபடி அவரைக் கூட்டி வருவாளே, அப்போது என்ன சொல்வது? முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலையே அவர் மகள் வந்தாள். "அப்பாவுக்கு ஏன் மாட்டேன்னீங்கன்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் நேரே தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போய், மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "எங்கப்பா நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று போட்டு உடைத்துவிட்டாள். அவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். இவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. உங்களுக்கு இதை எழுதப்போகிறேன் என்றபோது, "என் பேரைப் போடாம எல்லாத்தையும் எழுதுங்கோ" என்று சொன்னவளும் இவள்தான்.

ஆனால் வீட்டுக்காரர் நம்பினாரா? "நீ அவளைக் காப்பாத்தறே. இது அவ வாய்தான்" என்று மகளிடமே சொன்னாராம். இத்தனை வருடம் நான் பரப்பிய எல்லாவற்றையும் நம்பிய ஊர், பரப்பாத ஒன்றை மட்டும் என் பேரில் எழுதிவிட்டது. ஒன்றாம் தேதி கஜாவின் ஆட்டோவில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். ஒரு வார்த்தை திரும்பச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

போன வாரம் அவரைக் குளக்கரையில் பார்த்தேன். சுமதி மகளுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்கிறார் போல, கை காதுவரை எழும்புகிறது. என்னைத் திட்டத்தான் எழுப்பினார். எனக்கு அதுவே போதும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். பட்டாலும் பரவாயில்லை. உங்கள் சட்டத்தில் ஒன்றை மாற்றிவிட்டேன். அந்தக் கேள்வியைக் கணீரென்று கேட்டோமே, அங்கேதான் தப்பு. நாலு பேர் காது நீட்டியிருக்கும் இடத்தில் கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? பொய் அவர் வாயில் இருந்தது, ஆனால் அதை வரவழைத்தது நாம். அவர் செத்திருந்தால்?

இப்போது வருகிற ஒவ்வொருவரையும் சமையலறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறேன். சொல்கிறார்கள் அண்ணி! இதயம், வலிப்பு, கல்யாணமாகாத பெண்ணின் மூன்றாம் மாதம், எல்லாம் சொல்கிறார்கள். எனக்குக் கரண்ட் ஷாக் அடிப்பது அங்கேதான். இப்படிப்பட்ட சேதிகளை வைத்துக்கொண்டு பால் பூத்தில் சும்மா நிற்பது எவ்வளவு கொடுமை என்று உங்களைத் தவிர யாருக்குப் புரியும்?

இந்தக் கல்லறைத் திருநாளில் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இடத்தைப் பிடுங்கட்டும், பேரைக் கெடுக்கட்டும், வைக்கக் கூடாதவருக்கு என் கை வைக்காது. அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்டது ஒன்றும் என் வாயைத் தாண்டாது. தாங்கவே முடியாத அன்று மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு வந்து, உங்களிடம் மட்டும், குனிந்து, மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அடங்காத உங்கள் நாத்தனார்,
பிலோமினா